டிக்கிக்குள் ஒரு வீடு: நொய்டாவிலிருந்து கோவைக்கு

ஜனவரி 8, ஆக்ரா

காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். கிளம்பியது பதினொன்றே கால். பனிமூட்டம் அப்படி. எதிர் பிளாக்கே தெரியவில்லை. வாசல் காவலாளி, "இப்ப எக்ஸ்பிரஸ்வேக்குப் போனா முன்னாடி நிக்கிற வண்டிகூடத் தெரியாது, சூரியன் வரட்டும்" என்று சொல்லி கேட்டைத் திறக்கவே மறுத்துவிட்டார். காலி செய்த வீட்டுக்குள் திரும்பப் போய், பெட்ஷீட் விரித்து உட்கார்ந்து, பக்கத்து ஃப்ளாட்டில் கொடுத்த ஆலு பராத்தாவைத் தின்றோம்.

வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு விமானத்தில் வந்தால் என்ன என்று இரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டார்கள். எங்களுடையது டீசல் வண்டி. தலைநகர் வட்டாரத்தில் டீசலுக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்று விதி இருந்தது, அது நெருங்கிவிட்டது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. ஊரில் பதிவை மாற்றிக்கொண்டால் இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று தடையில்லாச் சான்றிதழ் வாங்கிவைத்தோம். அதுபோக, சாமான் ஏற்ற வந்தவர்கள் செடி, எண்ணெய், ஊறுகாய் எதையும் லாரியில் எடுக்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்றதெல்லாம் எங்கள் தலையில். பின் சீட்டில் துளசித் தொட்டி, கறிவேப்பிலைச் செடி, மூன்று ஊறுகாய் ஜாடி, சாமி படங்கள். டிக்கியில் குக்கர், இட்லிக் குண்டா, பாய், போர்வை, இன்னும் எது எதுவோ. கோயமுத்தூருக்குக் கறிவேப்பிலைச் செடி கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை என்று இவர் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நொய்டா குளிருக்கும் மே மாத அனல் காற்றுக்கும் தப்பிய செடி. விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை.

யமுனா எக்ஸ்பிரஸ்வே மொத்தமே 165 கிலோமீட்டர். குளிர்காலத்தில் வேக வரம்பைக் குறைத்துவிடுகிறார்கள். இன்று அந்த வரம்பைக்கூட யாரும் தொடவில்லை. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனோம். சுங்கம் நானூறு ரூபாய்க்கு மேல். ஓய்விடத்தில் ஒரு வாய் டீ அறுபது ரூபாய்.

ஆக்ராவுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. விடுதிக்காரர் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், "அதோ தாஜ்" என்று கை நீட்டினார். வெள்ளைப் பனிக்குள் வெள்ளைக் கட்டடம். இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கீழே வந்தோம்.

ஜனவரி 9, ஜான்சி

காலையில் பேடை. உளுந்து வைத்துப் பொரித்த பூரி, காரமான உருளைக்கிழங்குக் குழம்பு, ஒரு கரண்டி தயிர், பக்கத்தில் சூடாக ஜிலேபி. இருவருக்கும் சேர்த்து 110 ரூபாய். கடைக்காரர் எங்கள் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு "ட்ரான்ஸ்ஃபரா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே அவர் மச்சான் ராணுவத்தில் பெங்களூருக்கு மாறிப்போன கதை முழுவதும் வந்தது. வெறும் பெட்டியோடு போகிறவர்களிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பின் கண்ணாடியில் குக்கரும் துளசியும் தெரிந்தால் எல்லோருக்கும் நாம் சொந்தக்காரர் ஆகிவிடுகிறோம் போலிருக்கிறது.

ஆக்ராவில் 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற சாலை, சேலம் வரை எங்களுக்கு இதுதான் துணை. ராஜஸ்தான் வந்ததே தெரியவில்லை. தோல்பூர் என்று ஒரு பலகை, வழிநெடுக செங்கல் நிறக் கற்பாளங்களை அடுக்கிய குடோன்கள், அவ்வளவுதான். அடுத்து சம்பல் ஆறு. பாலத்துக்கு இரண்டு பக்கமும் மண் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாய்க் கிடக்கிறது. கொள்ளைக்காரர்கள் ஏன் இங்கே பதுங்கினார்கள் என்று பார்த்ததும் புரிந்தது. ஆறு மட்டும் நீலமாக, சுத்தமாக இருந்தது. பாலத்தின் மேல் நிறுத்தக் கூடாது என்பதால் முதலை பார்க்கும் ஆசை நிறைவேறவில்லை.

முரைனாவில் கஜக் வாங்க நிறுத்தினோம். நம் எள்ளுருண்டையின் வடநாட்டுப் பங்காளி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். கடைக்குப் பின்னால்தான் பட்டறை. சுவரில் அடித்த கொக்கியில் வெல்லப்பாகைக் கயிறாக மாட்டி ஒருவர் இழுக்கிறார். தொங்கியதும் மடித்து மறுபடி மாட்டுகிறார், மறுபடி இழுக்கிறார். கருப்பாக இருந்த பாகு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப் பொன் நிறத்துக்கு வருகிறது. வறுத்த எள்ளோடு அதைச் சேர்த்துத் தரையில் பரப்பி இரண்டு பேர் மரச் சுத்தியலால் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். தாளம் தப்பினால் கை போய்விடும். ஒருவர் என்னிடம் பேசிக்கொண்டே அடித்தார், எனக்குத்தான் பதறியது. ஒரு துண்டு வாயில் போட்டால் கடிக்கவே வேண்டாம், பொரபொரவென்று உதிர்ந்துவிடுகிறது. இரண்டு கிலோ வாங்கினோம், பொங்கலுக்கு ஊரில் கொடுக்க என்று. இப்போது ஜான்சியில் ஒன்றரைக் கிலோதான் இருக்கிறது.

குவாலியர் கோட்டை முழுக்கப் பார்க்க நேரமில்லை. கிழக்கு வாசல் வழியாக ஏறி, பாறையில் குடைந்த சதுர்புஜர் கோயிலை மட்டும் பார்த்தோம். இவர் கணக்கு வாத்தியார் மகன், விடுவாரா. கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்ற எண்ணில் சின்ன வட்டமாகப் பூஜ்யம் இருக்கிறது. நந்தவனத்தின் நீளம் 270 முழம், சாமிக்கு தினம் 50 மாலை என்று எழுதியிருக்கிறதாம். பூஜ்யத்தை இடக் குறியாக எழுதிய பழைய சான்றுகளில் ஒன்று, யாரோ பூக்கட்டக் கொடுத்த நிலத்தின் கணக்கு. எனக்கு அது பிடித்திருந்தது.

ஜான்சியில் அறை 1,200 ரூபாய். வெந்நீர் காலை ஏழிலிருந்து எட்டுவரை மட்டும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தட்டச்சுகிறேன், விரல் விறைக்கிறது.

ஜனவரி 10, சியோனி

சாகர் தாண்டும் வரை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் கோதுமை, கடுகுப் பூ, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு சுங்கச்சாவடி. நரசிங்பூர் தாண்டி லக்னாதோன் போகிற மலைப்பாங்கான இடத்தில் டம் என்று ஒரு சத்தம். பின் டயர் கிழிந்தே போயிருந்தது.

ஸ்டெப்னி எங்கே இருக்கிறது? டிக்கிக்கு அடியில். டிக்கியில் என்ன இருக்கிறது? வீடு.

ஒவ்வொன்றாக இறக்கினோம். குக்கர், இட்லிக் குண்டா, அரிவாள்மனை, பாய்ச் சுருள், அரிசி டப்பா, இவருடைய கிரிக்கெட் மட்டை, என் தையல் மெஷின் தலை, கடைசியில் ஒரு மூட்டை பழைய துணி. எதற்கு அதைக் கொண்டுவந்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எல்லாம் சாலையோரத்தில் வரிசையாக நின்றன. போகிற லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஜாக்கி வைத்துத் தூக்கியாயிற்று, ஆனால் ஒரு நட்டு அசைய மறுத்தது. இவர் ஸ்பேனர் மேல் ஏறியே நின்று பார்த்தார்.

எங்களைத் தாண்டிப் போன ஒரு லாரி இருநூறு அடி தள்ளிப் போய் நின்றது. பின்னால் டிஎன் 52. சங்ககிரி வண்டி! ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

"ஏனுங் அம்மிணி, ரோட்டுல கடை போட்டுட்டீங்களா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நாங்கள் தமிழ் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"யூபி நம்பரப் பாத்துட்டு நா பாட்டுக்குப் போயிட்டனுங்க. கண்ணாடியில இட்லிக் குண்டா தெரிஞ்சுது. அட, நம்மூரு ஆளுகன்னுதான் நிறுத்துனேன்."

லாரியிலிருந்து நீளமான இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து வந்து ஸ்பேனர் பிடியில் சொருகினார். நுனியைப் பிடித்து ஒரே அமுக்கு. கிறீச்சென்று நட்டு விட்டுக்கொடுத்தது. "பலம் வேண்டாந் தம்பி, நீளம் இருந்தாப் போதும்" என்று இவரிடம் சொன்னார். டயர் மாட்டி முடிப்பதற்குள் கூட வந்த இன்னொரு டிரைவர் லாரி நிழலில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். எப்படியும் சமைக்க நிறுத்த வேண்டிய நேரம்தானாம். ஆக்ராவிலிருந்து சேலம் மண்டிக்கு உருளைக்கிழங்கு லோடு. முன்னெல்லாம் டிரைவர், கிளீனர் என்று வருவார்களாம். "இப்ப கிளீனர் வேலைக்கு ஆருங்க வாரா? டபுள் டிரைவர்தான். அவன் ஓட்டறப்ப நான் தூங்குவேன், நான் ஓட்டறப்ப அவன் தூங்குவான். பேசிக்கறதே இந்தச் சோறாக்கற நேரத்துலதான்."

தக்காளி ரசம் கொதித்தது. பெரியவர் எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்து, "அம்மிணி, ஒரு கொத்து எடுத்துக்கட்டுங்களா? வடக்க வந்தா இது ஒண்ணுதான் சிக்க மாட்டேங்குது" என்றார். கறிவேப்பிலைச் செடி! குளிரில் பாதி உதிர்ந்து மீதி இருந்த இலையில் இரண்டு கொத்து ஒடித்துக் கொடுத்தேன். எண்ணெயில் அது பொரிந்த வாசனைக்கு இவர் வாய் திறக்கவில்லை. ஊசி விற்ற கதை இனி வராது.

சோறு, ரசம், சுட்ட அப்பளம், எங்கள் மாங்காய் ஊறுகாய். தட்டு எங்களுடையது, பொட்டலத்தைப் பிரித்து எடுத்தோம். காசு என்று பேச்சை எடுத்ததும் பெரியவர் முகம் மாறியது, அதோடு விட்டோம். கஜக் அரைக் கிலோ கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது ஒரு யோசனையும் சொன்னார்: "தெலுங்கானா, ஆந்திராவுல டீசல் போடாதீங்க. நாக்பூர் பக்கம் ரொப்பிக்கிட்டா அப்பறம் கர்நாடகாவுல பாகேபள்ளிதான்." அவர் டேங்குக்கு அது சரி. நமக்கு ஆயிரம் கிலோமீட்டர் தாங்காது.

லக்னாதோனில் புது டயர் கிடைக்கவில்லை, சியோனியில்தான் கிடைத்தது. வேறு கம்பெனி டயர், வேறு பூ. இருட்டிவிட்டது. இங்கேயே தங்கல்.

ஜனவரி 11, நிர்மல்

சியோனியிலிருந்து நாக்பூர் போகிற வழி பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஓரமாகப் போகிறது. சாலையைத் தூண் மேல் தூக்கிவிட்டு மிருகங்களைக் கீழே போக விட்டிருக்கிறார்கள். மகாராஷ்டிரப் பக்கத்தில் மட்டும் இப்படி ஒன்பது இடங்கள், பெரியது 750 மீட்டர். புலி, காட்டு நாய், மான் எல்லாம் அடியில் கடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மேலே போகிற நமக்கு ஒன்றும் தெரியாது, பாலம் மாதிரிகூட இல்லை. மனுஷனுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருதரம் சுங்கம், புலிக்கு இலவசம். நியாயந்தான்.

நாக்பூர் சுற்றுச்சாலையில் சண்டை. ஃபோன் இடது பக்கம் என்கிறது, பலகை நேரே என்கிறது, இவர் ஃபோன் பேச்சைக் கேட்பார், நான் பலகையை நம்புவேன். முக்கால் மணி நேரம் யாரும் யாரிடமும் பேசவில்லை. தர்ரி போஹா கடையில்தான் இறங்கினோம். அவல் உப்புமா மேல் கருப்புக் கொண்டைக்கடலைக் குழம்பைச் சிவக்கச் சிவக்க ஊற்றுகிறார்கள், தட்டு முப்பது ரூபாய். கண்ணில் தண்ணீர் வந்தது. கடைக்காரம்மா சங்கராந்திக்காகப் பிடித்து வைத்திருந்த எள்ளுருண்டையில் ஆளுக்கொன்று கையில் வைத்து, "எள்ளு வெல்லம் எடுத்துக்கோங்க, இனிக்க இனிக்கப் பேசுங்க" என்றார். அங்கே எல்லோருக்கும் சொல்கிற வழக்கம்தான். எங்கள் மூஞ்சியைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. இவர் சிரித்துவிட்டார்.

டேங்க் நிரப்பினோம். ஹிங்கன்காட் பக்கம் ஸ்வெட்டரைக் கழற்றினேன். பைன்கங்கை ஆறு தாண்டினால் தெலங்கானா, ஆதிலாபாத். இனி வெயில்தான் என்று நினைத்தால், சூரியன் சாய்ந்ததும் ஜான்சிக்குச் சமமாகக் குளிர்கிறது. தெலங்கானாவிலேயே குளிருக்குப் பெயர் போனது இந்தப் பக்கம்தானாம். நிர்மலில் மர பொம்மைக் கடை பூட்டுகிற நேரம். அவசரமாக ஒரு சின்ன மரப் பழக் கூடை வாங்கினேன். டிக்கியில் இடமில்லை, மடியில்தான் வருகிறது.

ஜனவரி 12, கர்னூல்

சோன் பாலத்தில் கோதாவரி. காலை வெயிலில் ஆள் இல்லாத பெரிய ஆறு.

ஹைதராபாத் ஊருக்குள் போகாமல் வெளிவட்டச் சாலையில் சுற்றிவிட்டோம். அதுவரை ராஜபோகம். ஷம்ஷாபாதில் இறங்கிக் கர்னூல் சாலையைத் தொட்டதும் ஊரே எங்களோடு கிளம்பியிருந்தது. சங்கராந்திக்குச் சொந்த ஊர் போகிற கூட்டம். ஒவ்வொரு காரிலும் கூரை வரை பை, ஜன்னலில் குழந்தைத் தலைகள், ஒரு பைக்கில் தொட்டிலையே கட்டியிருந்தார்கள். சுங்கச்சாவடியில் ஒரு மணி நேரம் நின்றோம். பக்கத்து வண்டியிலிருந்து ஒரு அம்மா ஜன்னல் வழியாக அரிசெலு நீட்டினார், நம் அதிரசமேதான், மேலே எள் ஒட்டியிருந்தது. பதிலுக்குக் கஜக். அதோடு கஜக் காலி.

துங்கபத்திரை தாண்டும்போது இரவு எட்டரை. சாப்பிட்ட நினைவே இல்லை, தூங்கிவிட்டோம்.

ஜனவரி 13, கிருஷ்ணகிரி

போகி. ஐந்து மணிக்கே புகை வாசனை எழுப்பிவிட்டது. தெருவுக்குத் தெரு தீ மூட்டியிருக்கிறார்கள். விடிந்ததும் வாசலெல்லாம் பெரிய பெரிய கோலம், நடுவில் சாணிப் பிள்ளையார் மாதிரி பிடித்துப் பூசணிப் பூ செருகியிருந்தது.

ஊர் எல்லையில் ஒரு தள்ளுவண்டியில் உக்கானி தின்றோம். பொரியை நனைத்துப் பிழிந்து, வெங்காயம், மஞ்சள், பொட்டுக்கடலைப் பொடி போட்டுக் கிளறியது, தொட்டுக்கொள்ள மிளகாய் பஜ்ஜி. தட்டு நாற்பது ரூபாய். இந்தப் பயணத்தில் இன்னொரு தரம் சாப்பிட வேண்டும் என்று நான் கேட்ட ஒரே பண்டம். வாங்கவும் வாங்கினேன்.

ஆந்திராவில் டீசல் 97 ரூபாய் பக்கம். பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பத்து லிட்டர் மட்டும் போட்டோம். பாகேபள்ளியில் கர்நாடகம் தொடங்குகிற இடத்தில் பங்க்குகள் முன்னால் லாரி வரிசை, விலை ஏழெட்டு ரூபாய் குறைவு. பெனுகொண்டா மலைக்கோட்டையையும் லேபாக்ஷி நந்தியையும் பலகையில் பார்த்ததோடு சரி. இன்னொரு நாளைக்கு.

பெங்களூரைப் பற்றி எழுதி யாருக்கும் புதிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஹெப்பாளிலிருந்து அத்திப்பள்ளி வரை நான்கு மணி நேரம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற டிஎன் வண்டிகள் எல்லாம் ஒசூர் சாலையில்தான் இருந்தன. ஒரு கட்டத்தில் முன்னால் நின்ற வேனிலிருந்து இறங்கி ஒருவர் கரும்பு உடைத்துப் பங்கு வைத்தார்.

ஒசூர் சோதனைச் சாவடியில் யூபி நம்பரைப் பார்த்து ஓரங்கட்டச் சொன்னார்கள். இளவயசு போலீஸ்காரர் இந்தியில் ஆரம்பித்தார். "தமிழ்தாங்க" என்றேன். பின் சீட்டைப் பார்த்தார்.

"என்ன செடிங்க?"

"கறிவேப்பிலை."

"எங்கிருந்து?"

"நொய்டா."

"எங்க போவுது?"

"கோயமுத்தூர்."

என்னை ஒரு தரம், இவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் போகச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 14, கோவை

கிருஷ்ணகிரியில் காலை ஆறரைக்கு நெய் ரோஸ்ட், ஃபில்டர் காபி. தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்து மெதுவாக இறங்கினோம், அங்கே எத்தனை விபத்துச் செய்தி படித்திருக்கிறோம். சேலத்தில் 44-ஐ விட்டுக் கோவை சாலைக்குத் திரும்பினோம். சங்ககிரி வந்ததும் பெரியவருக்கு ஃபோன் போட்டேன், வீட்டில் பொங்கலா என்று கேட்க. சேலம் மண்டியில் நிற்கிறாராம். நேற்று ராத்திரியே வந்துவிட்டார், ஆனால் பொங்கல் லீவு, லோடு இறக்க ஆள் இல்லை. "நாப்பது கிலோமீட்டருல வீடு. கெழங்கு மேல உக்காந்து கரும்பு தின்னுட்டு இருக்கனுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பவானியில் காவிரி. ஈரோடு, பெருந்துறை, அவிநாசி எல்லாம் சாலையில் ஆளே இல்லாமல் பறந்தோம். வடவள்ளியில் வாடகைக்குப் பிடித்த வீடு, படத்தில் மட்டுமே பார்த்தது. கேட்டில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டியிருந்தது. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "நீங்கதானுங்களா டெல்லிக்காரங்க? நோம்பியும் அதுவுமா வீடு வெறுமனே கெடக்குதேன்னு நேத்தே நாங்க கட்டிட்டோம். வாங்க, பால் பொங்கிருச்சு."

சர்க்கரைப் பொங்கல் அவர்கள் வீட்டில். செடிகளை இறக்கி வைத்தோம். அவர்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் மாடி உயரத்துக்கு நிற்கிறது. இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

உப்புத் தண்ணீர் எந்தக் குழாய், நல்ல தண்ணீர் எந்த நாள், குப்பை வண்டி எத்தனை மணிக்கு என்று அக்கா எல்லாம் சொன்னார். நான் ஃபோனில் குறித்துக்கொண்டேன். சாமான் லாரிக்காரருக்கு ஃபோன் போட்டோம். எங்களுக்கு ஒரு நாள் முன்னாலேயே கிளம்பியவர், இப்போது ஜான்சியில் இருக்கிறாராம். இன்னொரு வீட்டுச் சாமானும் ஏற்ற வேண்டியிருந்ததாம், வெள்ளிக்கிழமைக்குள் பார்க்கலாம் என்றார். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை. பாய் இருக்கிறது, போர்வை இருக்கிறது, அந்தப் பழைய துணி மூட்டைதான் தலையணை.